சகோதரர் விபரம்

அன்பு மகளுக்கு,

நீ சின்னம்மா வீட்டிலிருந்து கொழும்பு பஸ்ஸில் கொடுத்துவிட்ட கடித உறை திங்கட்கிழமை காலையே என் கைக்கு வந்துவிட்டது. கரடிப்போக்குச் சந்தியில் அதை என்னிடம் நீட்டிய நடத்துநர், "கவனம் ஐயா, மடிக்க வேண்டாமாம். பிள்ளை மூண்டு தரம் சொல்லி விட்டவா," என்றார். மடிக்கவில்லை. சைக்கிள் கரியரில் இரண்டு மட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, வாய்க்கால் வீதியால் உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இன்று புதன்கிழமை. மூன்று நாட்களாக அது மேசையில் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டின் கீழ் இருக்கிறது. நாளை காலை பஸ்ஸில் திருப்பி அனுப்பினால்தான் வெள்ளிக்கிழமை நீ அதை ஒப்படைக்க முடியும். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மூன்று நாள் பேசாமல் இருந்தேன் என்பதை முதலில் ஒத்துக்கொள்கிறேன்.

விடயம் சிக்கலானது அல்ல என்று நீ தொலைபேசியில் சொன்னாய். படைத்தரப்பின் செலவில் மருத்துவப் படிப்பு. தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. படித்து முடித்த பின் ஒப்பந்தத்தில் சொன்ன காலம் முழுவதும் படையின் மருத்துவராக, அவர்கள் அனுப்பும் இடத்தில், அவர்களுடைய சீருடையில் நீ வேலை செய்ய வேண்டும். இடையில் விலக முடியாது. நேர்முகத் தேர்விலும் உடற்பரிசோதனையிலும் தேறிவிட்டாய். மிச்சம் இருப்பது தகப்பனின் கையொப்பம். பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் வெட்டுப்புள்ளி இரண்டு முறையும் உன்னை மயிரிழையில் வெளியே தள்ளியது. மூன்றாம் முறை பரீட்சை எழுதலாம், அல்லது கிடைத்திருக்கும் விவசாய பீட இடத்தை எடுக்கலாம், அல்லது இது. "ஓமோ இல்லையோ, ஒண்டைச் சொல்லுங்கோ அப்பா. நீங்கள் சொல்றதைச் செய்யிறன்," என்றாய். நான், "பாப்பம்," என்றேன். "எப்ப கேட்டாலும் பாப்பம், பாப்பம். உங்கட பாப்பத்தை எழுதி ஒட்டினா வீட்டுச் சுவர் காணாது," என்று சிரித்துவிட்டு வைத்தாய். சிரித்தாய்தான். ஆனால் வைப்பதற்கு முன் நீ விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

எதையும் தாளில் எழுதிப் பார்க்காமல் எனக்கு யோசனை ஓடாது என்பது உனக்குத் தெரியும். அன்றே ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கீறினேன். போகலாம் என்பதற்கான காரணங்கள் இடப்பக்கம், வேண்டாம் என்பதற்கானவை வலப்பக்கம். இடப்பக்கத்தின் முதல் வரியில், நீ உன் அம்மாவோடு வாதாடியபோது சொன்னதை அப்படியே எழுதினேன்: "என்னைக் காப்பாத்தினது யூனிபோர்ம் போட்ட டொக்டர்தானே?" வலப்பக்கத்தின் முதல் வரியில் அதற்கு அம்மா சொன்ன பதில்: "அந்தச் சட்டையோட இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்." இரண்டும் உண்மை. பிறகு மளமளவென்று இரண்டு பக்கமும் நிரம்பின. ஆனால் பேனையை எடுத்துக் கையொப்பம் இடப் போகும்போதெல்லாம் என் கையைப் பிடிப்பது எதுவோ, அது அந்த இரண்டு பக்கத்திலும் இருக்கவில்லை. அது உன்னைப் பற்றியதல்ல. என்னைப் பற்றியது. அதைச் சொல்லாமல் உனக்கு ஓம் என்றோ இல்லை என்றோ சொன்னால் அது வெறும் ஏமாற்று.

அம்மாவின் கோபத்தை நீ பிழையாக எடுக்காதே. வீதியோரத்துக் கொட்டகையில், உன் அண்ணன் நிமலனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, காணாமல் ஆக்கப்பட்ட மற்றப் பிள்ளைகளின் தாய்மாரோடு அவர் எத்தனை வருடம் இருந்திருக்கிறார் என்று கண்ணால் கண்டவள் நீ. பள்ளிக்கூடம் விட்டு அங்கேதான் வருவாய். நீ படித்த உயிரியலில் பாதி அந்தத் தகரத்தின் கீழ் படித்ததுதான். "பெட்டை டொக்டரா வந்து முதல் எங்கட பிரஷரைப் பாக்கட்டும்," என்று அந்தத் தாய்மார் உனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தருவார்கள். இப்போது செய்தி அவர்களுக்கும் போய்விட்டது. போன கிழமை அவர்களில் ஒருத்தி, "அவையின்ர சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தா, பிள்ளை எங்கட பிரஷரைப் பாக்குமோ, பேரைக் கேட்டு எழுதுமோ?" என்று கேட்டாளாம். அம்மா தேங்காய் திருவிக்கொண்டே இதை எனக்குச் சொன்னார். சொல்லி முடிந்த பிறகும் வெறும் சிரட்டையைத் திருவிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு குத்தல் கிடைத்தது. கடையடியில் ஒருவர், "ஓவசியர், இனி உங்கட படலையில ஆமி சலூட் அடிச்சுப்போட்டுத்தான் உள்ள வருமோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். என்னைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு சேர்ந்து சிரித்துவிடுவது என் பழக்கம்.

உன்னைக் காப்பாற்றிய மருத்துவரின் கதையை உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறோம். உனக்கு அப்போது நாலு வயது. போர் முடிந்து எங்களை அடைத்து வைத்திருந்த செட்டிகுளத்து முகாமில் கூடாரத்துக்குக் கூடாரம் வயிற்றோட்டம் பரவிய நாட்கள். இரண்டே நாளில் நீ கண் செருகிக் கிடந்தாய். தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு மருந்துக் கொட்டகைக்கு ஓடினார். நான் பதிவு அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அங்கே இருந்தவர் சீருடை போட்ட இளம் மருத்துவர். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். உன்னை நீட்ட அவருக்குக் கை வரவில்லை. "குடுங்க அம்மா, பயம் வேணாம்," என்று அந்த மருத்துவர் தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் சொன்னார். உன் இரண்டு கையிலும் நரம்பு அகப்படவில்லை. கடைசியில் காலில் கண்டுபிடித்து ஊசியை ஏற்றும்போது அவருடைய நெற்றி வியர்வை உன் வயிற்றில் சொட்டியது. சேலைன் இறங்கத் தொடங்கிய பிறகு, "எத்தின பிள்ளை?" என்று கேட்டார். "ரெண்டு," என்றார் அம்மா. "மத்தது எங்க?" நான் முந்திக்கொண்டு, "பதிவுக்குப் போயிருக்கிறான், வந்திடுவான்," என்றேன். அவர் நிமிர்ந்து எங்களைப் பார்க்கவில்லை. குழாயை விரலால் சுண்டிக்கொண்டு, விழும் சொட்டுகளையே பார்த்தபடி நின்றார். ஏன் அப்படி நின்றார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கியிருக்க வேண்டும். அந்த மருத்துவர் உன்னை எங்களுக்குத் திருப்பித் தந்தார். நான் ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை. ஆகவே நீ அவரைப் போல வர ஆசைப்படுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் தாளில் அது முதல் வரியாகவே இருக்கட்டும்.

இனி நான் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியராக என் வேலை என்னவாக இருந்தது என்று உனக்குத் தெரியும். குளத்தின் நீர்மட்டத்தை எழுதுவது, மேலிடத்துத் துண்டு வந்தால் வாய்க்கால் கதவைத் திறப்பிப்பது, மூடுவிப்பது. துண்டு என்றால் கையொப்பமும் திகதியும் இட்ட ஒரு சிறு தாள். துண்டு இல்லாமல் நான் எந்தக் கதவையும் ஒரு அங்குலம் உயர்த்தியதில்லை. ஒரு சிறுபோகத்தில் துண்டு எழுத வேண்டியவர் லீவில் நின்றுவிட்டார். நெல் குடலைப் பருவத்தில், தண்ணீர் கட்டாயம் வேண்டிய நேரம். முரசுமோட்டைப் பக்கத்திலிருந்து வயதான கமக்காரர் ஒருவர் வந்து கதவடியிலேயே குந்திவிட்டார். "ஓவசியர், தண்ணி குளத்தில நிக்குது. திறப்பு உங்கட கையில கிடக்குது. பிறகென்ன?" என்றார். "துண்டு வரட்டும் அண்ணை," என்றேன். "துண்டைப் பாத்தோ ஓவசியர் நெல்லுக் கதிர் வாறது?" என்றார். துண்டு மூன்றாம் நாள் வந்தது. வந்தவுடன் திறந்தேன். அவருடைய வயலில் பாதி பதராகப் போனது. அதற்காக நான் வருந்தவில்லை. ஒழுங்கை மீறவில்லை என்ற நிம்மதி எனக்கு இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது. சரியான விபரம், சரியான தாளில், சரியான ஆளின் கைக்குப் போய்ச் சேர்ந்தால் ஒருவருக்கும் தீங்கு வராது. இதுதான் மகளே, நான் கோயிலில் கும்பிட்டதைவிடக் கூடுதலாக நம்பியது.

அந்த நம்பிக்கையோடுதான், போரின் கடைசி நாட்களில், படையின் பக்கத்துக்குப் போகும் பாலத்தை நான் உங்களோடு கடந்து வந்தேன். வீடு, வயல், மாடு எல்லாம் விட்டுவிட்டு வந்தவனுடைய சட்டைப்பையில் ஒரு பேனையும் பாதிக் கொப்பியும் மட்டும் இருந்தன. நிமலனுக்குப் பத்தொன்பது வயது. கடைசி மாதங்களில் இயக்கம் அவனைப் பிடித்துக்கொண்டு போனதும், இருபத்து மூன்றாம் நாள் அவன் தப்பி ஓடி வந்ததும், பிறகு தரப்பாளின் கீழ் பங்கருக்குள் நாங்கள் அவனை ஒளித்து வைத்திருந்ததும் நீ கேட்டு வளர்ந்த கதை. பாலத்துக்கு இப்பால் ஒரு வெட்டவெளியில் எங்களை இருத்தினார்கள். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: ஒரு நாளாவது இயக்கத்தில் இருந்தவர்கள் தாமாக முன்வந்து தனி வரிசையில் பெயரைப் பதிய வேண்டும், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம், மறைத்தவர்களுக்குப் பிறகு மன்னிப்பில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்த நேரம் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வரிசைக்குப் போயிருந்தார். நானும் அவனும் மட்டும் இருந்தோம்.

"இருபத்து மூண்டு நாள்தானே அப்பா," என்றான். "அதுவும் பிடிச்சுக்கொண்டு போனது. சொல்லாமல் விட்டா ஆருக்குத் தெரியப்போகுது?"

"தெரிய வந்தா மறைச்ச குற்றமும் சேரும். உள்ளதை உள்ளபடி சொன்னா எழுதிப்போட்டு விட்டிடுவினம்."

"விடுவினமோ?"

"அறிவிச்சிருக்கினம்தானே."

கொப்பியை எடுத்து முழங்காலில் வைத்து எழுதினேன். முழுப்பெயர், தகப்பன் பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர விலாசம், சேர்ந்த திகதி, விலகிய திகதி, சேர்ந்த காரணம்: கட்டாயத்தின் பேரில். அங்கே கேட்கும்போது அவன் பதற்றத்தில் திகதியை மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்பது என் யோசனை. அவன் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "சேர்ந்த திகதி, விலகின திகதி எல்லாம் வடிவா எழுதிறியள். பென்சனுக்கோ அப்பா போடுறியள்?" என்றான். சிரித்தான். நானும் சிரித்தேன். துண்டைக் கிழித்து, நாலாக மடித்து, நானே அவனுடைய சட்டைப்பையில் வைத்தேன். "அம்மா வரட்டும், சொல்லிப்போட்டுப் போறன்," என்றான். அதற்கு நான் சொன்னதை இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை. "வரிசை நீளுது. முதல் போனா முதல் வரலாம்," என்றேன். அவன் எழும்பிக் காற்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுப் போனான். வரிசையில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்து, பையைத் தொட்டுக் காட்டினான். துண்டு பத்திரம் என்று அர்த்தம்.

அம்மா தண்ணீரோடு வந்து, அவனைக் காணாமல், "எங்க தம்பி?" என்று கேட்டார். "கூப்பிட்டவை, போயிட்டான்," என்றேன். ஒலிபெருக்கியில் கூப்பிட்டது உண்மைதான். அவனைப் பெயர் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை, கையைப் பிடித்து ஒருவரும் இழுக்கவில்லை. அவனை அனுப்பியது நான். அந்த ஒரு சொல்லை அம்மா பிடித்துக்கொண்டார். கொட்டகைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும், "கூப்பிட்டுக் கொண்டுபோனவை," என்றுதான் சொல்கிறார். ஆணைக்குழுவுக்கும் அலுவலகங்களுக்கும் கொடுத்த ஒவ்வொரு படிவத்திலும், அவர் சொல்லச் சொல்ல, "அழைத்துச் செல்லப்பட்டார்" என்று என் கையெழுத்தில் நான்தான் நிரப்பினேன். எழுத்து நல்ல தெளிவு என்று அங்கே ஒருவர் பாராட்டியும் இருக்கிறார். அம்மா உண்மை பேசுவதாக நினைத்துக்கொண்டு, இத்தனை வருடமும் நான் கொடுத்த பொய்யை வீதியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். உன்னைப் பற்றி விசாரிக்கப் படைத்தரப்பிலிருந்து இருவர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கதிரையில் இருந்தார்கள். அம்மா கொட்டகைக்குப் போயிருந்தார். நீ குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். தமிழ் தெரிந்தவர் அலுமாரிக்கு மேல் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து, "இது ஆர் ஐயா?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். சுவரில் படம் இருந்தால் யாரும் கேட்கிற கேள்வி. நான், "என்ர தம்பியின்ர மகன். வெளிநாட்டில நிக்கிறான்," என்றேன். வெளிநாடு என்பதை அவர் கேட்கவே இல்லை, நானாகச் சேர்த்தேன். அப்போதுதான் நீ தட்டோடு வாசலில் நின்றதைக் கண்டேன். கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிய சத்தம் கேட்டது. நீ தேத்தண்ணீரை வைத்துவிட்டுப் போனாய். அவர்கள் போன பிறகு நான் படத்தைக் கழற்றித் துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தேன். அம்மா வந்து கேட்டபோது, கண்ணாடி வெடித்துவிட்டது, மாற்றக் கொடுக்க வேண்டும் என்றேன். அதையும் நீ கேட்டுக்கொண்டு இருந்தாய்.

திங்கட்கிழமை உன் உறையைத் திறந்து ஒவ்வொரு தாளாக வாசித்தேன். நாலாம் தாளில் சகோதரர் விபரம் என்ற அட்டவணை. பெயர், வயது, தொழில், விலாசம் என்று நாலு கட்டம். நாலுக்கும் குறுக்கே கோடு கீறி, இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாய். எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. உனக்கு அதை எழுதக் கற்றுத் தந்தவன் கதிரையில் இருந்து விருந்தாளிகளுக்குக் கதை சொல்லியவன்தான். எழுத்து உன்னுடையது, பொய் என்னுடையது. அன்று நான் பயத்தில் உண்மையை எழுதிக் கொடுத்தேன். போன மாதம் பயத்தில் பொய்யைச் சொன்னேன். நேர்மை, ஒழுங்கு என்று நான் பெயர் வைத்திருந்ததெல்லாம் பயம்தான் என்று கண்டுபிடிக்க எனக்கு எழுபது வயது பிடித்தது.

இன்று காலை அம்மாவிடம் சொன்னேன். அவர் சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். நான் இருக்காமல், மேலதிகாரிக்கு முன் நிற்பதுபோல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு எழுதியது, அவன் அம்மா வரட்டும் என்றது, நான் அனுப்பியது, படத்தைப் பற்றிப் பொய் சொன்னது, நீ எழுதிய தாள். சுளகு அசையாமல் நின்றது. அவர் நிமிரவில்லை.

"துண்டில என்ன எழுதினீங்கள்?"

"பேர். அடையாள அட்டை இலக்கம். திகதியள்."

"விலாசம்?"

"எழுதினனான்."

"எந்த விலாசம்? நாங்கள் இருந்த தரப்பாள்கொட்டிலோ?"

"இல்லை. இதுதான். உருத்திரபுரம், இந்த வீடு."

அவர் அரிசியிலிருந்து இரண்டு மூன்று கல்லை எடுத்து எறிந்தார். "அப்ப சரி. வந்தா இங்கதான் வருவான்," என்றார். நான் உள்ளே போகத் திரும்பினேன். "நான் வருமட்டும் அவனை மறிச்சிருக்கலாம் நீங்கள்," என்றார். "தண்ணி வரிசை எவ்வளவு தூரம்? கூப்பிட்டா கேட்டிருக்கும்." நான் அவர் என்னைத் திட்ட வேண்டும் என்று நின்றேன். அது கூட எனக்குக் கிடைக்கவில்லை. சேலை மாற்றிக்கொண்டு வழக்கத்தைவிட நேரத்தோடு கொட்டகைக்குப் புறப்பட்டார். என் மத்தியானச் சாப்பாட்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். சாப்பிடுங்கோ என்று சொல்லவில்லை. படலையில் நின்று திரும்பிப் பார்க்காமல், "எனக்கு அந்தச் சட்டை பிடிக்கேல்ல. பிடிக்கவும் மாட்டுது. அவள் போறதெண்டா நான் படலையைப் பூட்ட மாட்டன். ஆனா அண்ணன்காரன் இல்லையெண்டு எழுதிப்போட்டுப் போக வேண்டாமெண்டு சொல்லுங்கோ," என்றார்.

ஆகவே இந்த உறையில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். ஒப்பந்தத்தில் நான் கையொப்பம் இட்டுவிட்டேன். அது ஓம் என்று நினைக்காதே. நீ எந்தப் பக்கம் போனாலும் நான் உன்னை மறிக்கவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். நாலாம் தாளில் நீ எழுதியதை நான் வெட்டவில்லை, தொடவும் இல்லை. ஆனால் கடையில் கொடுத்து, உன் எழுத்தின் மேல் வெள்ளைத் துண்டை வைத்து மறைத்து, அதே தாளை வெறுமையாக ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். எதைச் சேர்ப்பது என்பது உன் கையில். நிமலனின் படத்தைத் திரும்ப அலுமாரிக்கு மேல் மாட்டிவிட்டேன். அவர்கள் இன்னொரு தரம் வரக்கூடும் என்று கிராம சேவகர் சொன்னார். வந்து கேட்டால் என் மகன் என்று சொல்வேன். இதை மட்டும் உன்னைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டேன். அதனால் உன் இடம் பறிபோகலாம். ஒரு பிள்ளையை உண்மையான விபரம் எழுதி அனுப்பியவன், அடுத்த பிள்ளைக்கும் அதையே செய்கிறானோ என்று எனக்கே பயமாக இருக்கிறது. இது பழைய பிழையேதானா, அல்லது வேறா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. அவனுக்கு நான் யோசிக்க நேரம் கொடுக்கவில்லை. உனக்கு வெள்ளிக்கிழமை வரை இருக்கிறது. இடம் போனால் மூன்றாம் பரீட்சை இருக்கிறது, விவசாய பீடம் இருக்கிறது. உன் ஆசைக்கு அவை ஈடில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

புத்திமதி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒரு கேள்வியை மட்டும் தருகிறேன். அந்தச் சீருடையில் நீ இருக்கும் ஒரு நாளில், எங்கோ ஒரு மருந்துக் கொட்டகை வாசலில், ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து உன் சட்டையைப் பார்த்துத் தயங்கி நிற்பாள். அந்தப் பிள்ளையை நீ காப்பாற்றிவிடுவாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்குப் பிறகு, மற்றப் பிள்ளை எங்கே என்று அவளைக் கேட்க உனக்கு வாய் வருமா? அவள் சொல்லும் பதிலைக் கேட்டபின் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாயா, நிமிர்ந்து அவளைப் பார்ப்பாயா? பார்ப்பேன் என்று உன் மனம் சொன்னால் போ. அங்கே அப்படி ஒருத்தி இருக்கட்டும். முடியாது, அல்லது விட மாட்டார்கள் என்று தோன்றினால் வீட்டுக்கு வா. இரண்டிலும் உன்னைக் குறை சொல்ல இந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

வெறுந்தாளை நிரப்புவது என்று முடிவெடுத்தால், எப்படி நிரப்புவது என்று மட்டும் சொல்லித் தருகிறேன். வேறு ஒன்றும் எனக்கு ஒழுங்காகத் தெரியாது. பெயரை முழுதாக எழுது, சுருக்காதே. வயது முப்பத்தைந்து, ஐப்பசி பிறந்தால் முப்பத்தாறு. தொழில் என்ற கட்டத்துக்கு நானும் மூன்று நாள் யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. வெறுமையாக விடு, அவர்கள் கேட்டால் கேட்கட்டும். விலாசம் என்ற இடத்தில் தயங்காதே. இந்த வீட்டு விலாசத்தையே எழுது. அவனுடைய பையில் இருக்கும் துண்டிலும் அதுதான் இருக்கிறது.

அப்பா